ரேடியோவைக் கொடுத்துவிடட்டுமா?

என்னங்க,

துறவு என்று மடத்துக்குப் போனீர்களே, அங்கே முதுகுவலி தேவலையா?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாகச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. “உனக்கு ஆசை, கோபம் உண்டா?” என்று கேட்டேன். “இல்லை. ‘நான்’ என்று எனக்குள் யாருமில்லை” என்றது.

ஆத்மா உண்டு என்பவர்களும், இல்லை என்ற புத்தரும் ஆசையை விடச் சொல்வதில் மட்டும் ஒரே கட்சி என்பீர்களே. கண்ணை மூடி உட்காராமலே இது ஜெயித்துவிட்டதே என்று சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. விட்டுவிட்டுப் போக அதற்கு எதுவுமே இருந்ததில்லை. உங்களுக்கு நான் இருந்தேன்.

யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தீர்களே, அந்த ரேடியோவை எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடட்டுமா? கோபம் வந்தால் உடனே எழுதுங்கள். வராவிட்டால் எழுத வேண்டாம், புரிந்துகொள்வேன்.

இன்னும் கோபத்தை விடாத,
உங்கள் மனைவி