கடையில் விற்காத மீன்

போன மாதம் சாயல்குடிக்குக் கிழக்கே, நாம் தூண்டில் போட்ட அதே கரைக்குப் போயிருந்தேன். மிதவைச் சட்டை மாட்டிய இளைஞன் ஒருவன் ரப்பர் படகு ஒன்றுக்குக் கால் பம்பை மிதித்து மிதித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தான். புஸ் புஸ் என்று அது ஊதிப் பெருத்ததைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ பாளையம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் என்பதால் மட்டும் அல்ல. காரணம் உனக்கே தெரியும்.

அங்கே இப்போது துடுப்புப் படகு உண்டு. பலகைமேல் நின்றுகொண்டே போகும் சவாரி உண்டு. கரையில் நட்டிருந்த விளம்பர போர்டின் கடைசி வரியில் ‘பொழுதுபோக்கு மீன்பிடிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். நாம் செய்ததற்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கம் அதை ‘வேற ஜோலி இல்லாதது’ என்றுதான் சொன்னார்கள்.

மீன் வேண்டியவர்கள் வாசலுக்கு வரும் மீன்காரரிடம் வாங்கினார்கள். நீயோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும், திருச்சுழி தாலுகா ஆபீஸில் வாரம் முழுக்க வறட்சி அறிக்கை எழுதிக் களைத்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு, பரளச்சி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாய். முதல் தடவை கடலைப் பார்த்தபோது நீ மீனைப் பற்றிப் பேசவே இல்லை. “ஏலே, இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒருத்தரும் குடத்தோட வரிசையில நிக்கக் காணோமே” என்றாய். அதற்குப் பிறகு உன்னைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

தடுக்கப் பார்த்தவர் உன் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர். சந்தேகத்தைக் கிளப்பியது அடுத்த வீட்டுக்காரி. “மீன் பிடிக்கப் போறவுக எதுக்குக்கா சலவைச் சட்டையும் பவுடருமாப் போறாக?”

நியாயமான கேள்வி. அதற்கு நீ சொன்ன பதில்தான் நியாயத்தைக் கெடுத்தது. “நாலு பேரு இருக்கிற எடத்துக்கு அழுக்குச் சட்டையோடயா போவாக?”

அந்தக் கரையில் உனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகத் தெரு முடிவு செய்தது. இல்லாத அந்தப் பெண்ணுக்கு நிறமும் உயரமும்கூடக் கொடுத்துவிட்டார்கள்.

நீ ஆதாரம் கொண்டுவந்தாய். முதலில் ஒரு நல்ல ஊளி மீன். மதினி செவுளைத் தூக்கிப் பார்த்தார். “சாயல்குடி மார்க்கெட்டுல வாங்குனது.” அடுத்து ஒரு சங்கரா, வாயில் தூண்டில் முள்ளோடு. “கடையில வாங்கி நீங்களே குத்தியிருக்கீக.”

நான் சாட்சி சொன்னேன்.

“கொழுந்தனாரே, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போறீக. ஒரே பொய்ய ரெண்டு பேருமாச் சொமந்துட்டு வாரீக” என்றார்.

வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லச் சொன்னார். “ஒரு சங்கராவுக்காக வேதத்துல கை வைக்கணுமா?” என்று நீ கொள்கை பேசினாய். கொள்கை பேச அதுவா நேரம்? மதினி டிரங்குப் பெட்டியை இறக்கினார். “இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம. நம்புற மாதிரி எதையாச்சும் காட்டுங்க. இல்லையா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன்.”

அந்த ஞாயிறு நீ பவுடர் போடவில்லை. பொழுது சாயும்வரை பாறையில் நின்றாய்; தக்கை அசையவில்லை. “அவ போயிட்டான்னா கடையத் தொறந்து என்னலே செய்ய?” என்று கடலைப் பார்த்துக் கேட்டாய். அப்போதுதான் தூண்டில் இழுத்தது.

சாண் நீள மீன். கரையில் விழுந்ததும் அது நம் கண்ணெதிரே ஊத ஆரம்பித்தது. ஊதி ஊதிப் பந்தாகிவிட்டது. ஊரில் பாதி டியூபுகளுக்குக் காற்றடித்த நீயே பயந்து பின்வாங்கினாய். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் திரும்பிப் பார்த்தார். “தூக்கிப் போடுங்க சார். பேத்தை அது, வெசம். காக்காகூடத் திங்காது.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெறுங்கையோடு போக மனமில்லாமல் அதை வயர்கூடையில் வைத்துக்கொண்டாய். பரளச்சி வருமுன்பே அது செத்துவிட்டது. காற்று மட்டும் இறங்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னய்யா இது?” என்றார். “மீனு” என்றாய். “பாத்தாத் தெரியலையே” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வாசலில் டிரங்குப் பெட்டி இருந்தது. பக்கத்தில் மதினி. நீ கூடையைக் கீழே வைத்துவிட்டு, தண்டனைக்குத் தயாரானவன்போல் நின்றாய்.

“என்னது இது?”

“பேத்தை.”

“கொழம்பு வைக்கலாமா?”

“வச்சாச் செத்துப்போவோம்.”

“வறுத்தா?”

“வறுத்தாலும்.”

மதினி குனிந்து தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். “இத எந்தக் கடையில விக்கிறான்?”

“எவன் விப்பான்?”

அவர் அந்த மீனையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு முகமும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார். “வேறொருத்தியப் பாத்துட்டு வாரவுக இதத் தூக்கிட்டு வரமாட்டாக. இவுக கடலுக்குத்தான் போயிருக்காக.”

பெட்டி உள்ளே போயிற்று. உள்ளிருந்து குரல் வந்தது: “கொழுந்தனாரே, இருந்து சாப்பிட்டுப் போங்க. கத்திரிக்காக் கொழம்புதான்.”

நாய் தோண்டாதபடி அதை முருங்கைக்கு அடியில் ஆழமாகப் புதைத்தோம். “இத்தன நாளா நல்ல மீனாப் பிடிச்சுக் கெட்டேன்லே” என்று சொல்லிக்கொண்டே மண்ணைத் தள்ளினாய்.

அதன் பிறகு ஆபீஸில் எத்தனையோ ஆதாரங்கள் என் மேஜைக்கு வந்தன. பளபளப்பாக, செவுள் சிவந்து வந்தவற்றை இரண்டாம் முறை பார்த்தேன். யாருக்கும் பிரயோசனமில்லாத, கொண்டுவந்தவரே கூசுகிற மாதிரி ஓர் உண்மை வந்தால் உடனே நம்பினேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது. இன்னும் விடவில்லை.

போன மாதம் அந்த இளைஞன் என் கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுத்து, என்ன மீன் வேண்டும் என்று கேட்டான். பேத்தை என்றேன். “அது கெடச்சா நாங்களே திருப்பி விட்டுருவோம் சார்” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பாளையம்பட்டியில் இறங்கி மதினியைப் பார்க்கப் போனேன்.

“எங்க போயிட்டு வாரீக, கொழுந்தனாரே?”

“கடலுக்கு மதினி. மீன் பிடிக்க.”

“மீன் எங்க?”

“கெடைக்கல.”

மதினி என் சலவைச் சட்டையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தார்.

“அவுகளா இருந்தா எதையாச்சும் தூக்கிட்டு வந்திருப்பாக” என்றார்.