ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்த வெள்ளை நெல்கை

என் ஜெசிந்தாவுக்கு,

உனக்கு எழுதினால் நல்ல செய்தியாகத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். உன் புருஷன் அதைக் கெடுத்துவிட்டான். அல்பிரட் என் கூடப்பிறந்த தம்பி என்பதற்காக நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை.

கார்னேஷன் பூவை இங்கே சுவிஸ்காரர் சொல்வதுபோல நெல்கை என்றுதான் நீயும் சொல்வாய். உன் அந்த வெள்ளை நெல்கைகளில் இப்போது மிச்சம் ஒரே ஒரு செடி.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டாய்? "மச்சாள், என்ர கல்லறையில கடைப் பூ வைக்க விடாதேங்கோ. இதழ் ஓரம் கிழிஞ்ச என்ர வெள்ளை நெல்கையை நடுங்கோ." ஓம் என்றேன். ஷ்லீரனில் நீ வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் ஒரு வரிசை நிறைய நின்ற செடி. அது கஷ்டமான வாக்கு என்று அப்போது யார் நினைத்தது?

ஒக்டோபரில் போய்ப் பார்த்தால் அந்த வரிசை வெறும் மண்.

"எங்கையடா நெல்கை?"

"எல்லாம் சாம்பல் பிடிச்சுச் செத்துப்போச்சு அக்கா. பிடுங்கிப் போட்டன். ஒண்டு மட்டும் கொஞ்சம் பச்சையா நிண்டது. அதைச் சட்டியில வச்சு வீட்டை கொண்டுபோயிட்டன்."

சாம்பல் பிடித்ததாம்! விபூதிப் புதனன்று நெற்றியில் பூசியதுபோல அந்த இலையில் சாம்பல் நிறம் படிந்திருப்பதுதான் அதன் சுகம். தண்ணீர் காணாத பயிரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பச்சை என்றால் உயிர், சாம்பல் என்றால் சாவு. பூ இல்லாத நேரத்தில் அவனுக்கு அது காய்ந்த புல்.

ஊரில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே வெள்ளை உடுப்புத்தான். தூரத்தில் வருகிறவர் யார் என்று நடையைப் பார்த்துச் சொல்வேன். செடியும் அப்படித்தான். புல்லின் இலை ஒவ்வொன்றாக ஏறும். நெல்கையின் இலை இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக நிற்கும். அவை சேரும் கணு, முழங்கால் போல வீங்கியிருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அவன் தடவியிருந்தால்தானே?

உன்னிலும் எனக்குக் கோபம்தான். இத்தனை வருசமும் அவனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாயே, ஒரு நாளாவது மண்ணில் கை வைக்க விட்டாயா?

மிச்சக் கொடுமையைக் கேள். போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குக் கீழே, ஹீட்டரோடு ஒட்டினாற்போல் சட்டி. அடித்தட்டில் தண்ணீர் தளும்புகிறது. தண்டெல்லாம் வெளிறி, நீண்டு, சாய்ந்து கிடக்கிறது.

"டேய், இதைக் கொல்லப் போறியா?"

"வெளியில வைக்க அது குளிரில விறைச்சுப்போகும். நான் காலமையும் பின்னேரமும் தண்ணி விடுறன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ அக்கா."

பனியில் விளையாடி வரும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நனைந்த காலுறையோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத்தான் தடிமன் பிடிக்கும். இந்தச் செடியும் குளிரைத் தாங்கும், காலடி ஈரத்தைத் தாங்காது என்று பொறுமையாகச் சொன்னேன். அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அவன் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் சட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன். வின்டர்தூரில் என் வீடு வரைக்கும் ரயிலில் அது என் மடியில்தான் இருந்தது.

சூட்டில் இளகிய செடியை நேரே உறைபனியில் வைக்கக் கூடாது. அதனால் மாடிப்படி ஜன்னலடியில் வைத்தேன். அங்கே வெளிச்சம் உண்டு, ஹீட்டர் இல்லை. சேறான மண்ணைத் தட்டிவிட்டுச் சரளை கலந்த மண் போட்டேன். தண்டு கொஞ்சம் இறுகிய பிறகு பால்கனிச் சுவரோரம், மழை படாத மூலைக்கு மாற்றுவேன். மேலே ஒரு தேவதாருக் கிளை போதும், உறைந்த இலையைக் காலை வெயில் சுடாமல் இருக்க. மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் ஒரு வாய் தண்ணீர்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவன் வந்து நின்றான். கையில் செடியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கம்பளி.

"களவெடுத்துக்கொண்டு வந்திட்டீங்கள், என்ன?"

"ஓம்."

"அது என்ர மனுசியின்ர செடி. தாங்கோ."

மேசையில் மூன்று சட்டிகளை வைத்தேன். ஒன்றில் முற்றத்துப் புல், ஒன்றில் சூப்புக்கு வாங்கிய வெங்காயத்தாள், ஒன்றில் உன்னுடையது.

"எது உன்ர மனுசியின்ர எண்டு காட்டு. கொண்டு போ."

கண்ணாடியைப் போட்டான், கழற்றினான், குனிந்து குனிந்து பார்த்தான். "இதுதான். நல்ல பச்சையா நிக்குது" என்றான்.

வெங்காயத்தாள்.

நான் சிரிக்கவில்லை, ஜெசிந்தா. வகுப்பில் பிழைவிட்ட எந்தப் பிள்ளையையும் பார்த்து நான் சிரித்ததில்லை. அந்தச் சட்டியையே அவன் கையில் கொடுத்து, "சூப்பு வை" என்று அனுப்பிவிட்டேன். கம்பளியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். இன்னும் போன் எடுத்துப் பேசவில்லை. நானும் எடுக்கப் போவதில்லை.

செடி பிழைக்குமா? நடுவில் இரண்டு குருத்து இறுகி நிற்கிறது. சாம்பல் நிறம் திரும்பி வருகிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பனி விட்டதும் இதை உன் கல்லறையில் நானே நடுவேன். அல்பிரட் வரட்டும், பக்கத்தில் நிற்கட்டும், அழுவதென்றால் அழட்டும். தண்ணி வாளியை மட்டும் அவன் கையில் கொடுக்க மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

கோபம் ஆறாத உன் மச்சாள்,
அருள்மேரி