பார்க்கப் பார்க்க மாறும் துகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜப்பானிலிருந்து கலைப்பிரியா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி பரவாயில்லையா? நம்மூர் பிரம்மதேசத்தில் மழை பெய்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கரி இழைகளுக்குள் இருக்கும் இரும்பு கார்பைடு துகள்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதானே என் வேலை? உலைச் சூட்டில் அவை உருமாறுவதாக ஆறு மாதமாக ஆய்வேட்டில் எழுதிவந்தேன். நேற்றுதான் கவனித்தேன், நான் திரும்பத் திரும்பப் பார்த்த இடத்துத் துகள்கள் மட்டுமே மாறியிருக்கின்றன. இதுவரை பார்க்காமல் விட்டவற்றை நேற்று முதன்முறையாகப் பார்த்தால், அவை அப்படியே இருக்கின்றன. மாற்றியது உலை இல்லை அப்பா, பார்ப்பதற்காக நான் பாய்ச்சிய எலக்ட்ரான் கற்றை.

விதைத்த மல்லாட்டையைச் சின்ன வயதில் தினமும் கிளறுவேனே, "தோண்டித் தோண்டிப் பாத்துக்கினே இருந்தா எப்படிம்மா மொளைக்கும்?" என்பீர்கள். இப்போதும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் பேராசிரியரிடம் சொல்லியிருப்பேன். என்ன சொல்வாரோ தெரியவில்லை. பட்டம் தள்ளிப்போகலாம்.

திண்டிவனம் போனால் வறுத்த மல்லாட்டை கொஞ்சம் பார்சல் அனுப்புங்கள், இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. இன்னொன்று, வீடியோ காலில் என் முகத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா பார்க்காதவரை நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பிரியா