கீரனூரில் கைமாறாத கேரியர்

அக்கா,

நேற்று பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டை விழுந்தது. விமானத்தில் முகம் துடைத்துக்கொள்ளக் கொடுத்தது. ஈரம் காய்ந்துவிட்டது, ஒடிகோலன் வாசனை மட்டும் போகவில்லை. அதை மூக்கில் வைத்ததும் எனக்கு விமானம் ஞாபகத்துக்கு வரவில்லை, கீரனூர் ஸ்டேஷன்தான் வந்தது. கையில் அடுக்குக் கேரியரோடு முதல் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே வெயிலில் நிற்கிற நீங்கள் வந்தீர்கள். உங்கள் மேல் எந்தக் காலத்தில் ஒடிகோலன் மணந்தது? புளியோதரையும் விபூதியும்தான் மணக்கும். ஆனாலும் நீங்கள்தான் வந்தீர்கள்.

போன ஐப்பசியில் உங்களை அனுப்பிவைத்தோம். காரியத்தன்று சாப்பாடு முடிந்து ஆண்கள் வெற்றிலை போட உட்கார்ந்ததும், பழைய கதையை எவரோ எடுத்துவிட்டார். "சோத்தைக் காட்டிப் புருஷனை வண்டியை விட்டு எறக்குன மகராசி" என்று ஆரம்பித்தார்கள். செத்த வீட்டில்கூட அதை விடவில்லை பாருங்கள். நான் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். இலையைக் கீழே போட்டுவிட்டு, "ஆமா, எறக்குனாக. அந்த எடத்துல ஏறுனவ நாந்தான். இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க, காது குளிரக் கேக்குறேன்" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவர்கள் அதைத் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள், அக்கா. சரியாகச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

நம் வீட்டு ரயில் முறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆண்களுக்கு முதல் வகுப்பு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாத்திரங்களுக்கும் மூன்றாம் வகுப்பு. வசதி இல்லாமல் அல்ல. சென்னையில் இரும்புக்கடை வைத்திருந்த வீடு. எழும்பூரில் வந்து நிற்கிற வியாபாரிகள், நம் ஊர்ப் பேரைச் சொல்லி அரிமளத்துக்காரர் என்று அழைக்கிற நம் வீட்டு ஆண்கள் முதல் வகுப்பிலிருந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த டிக்கெட். நாம் எதிலிருந்து இறங்கினால் யாருக்கு என்ன?

சாப்பாட்டு நேரம் வந்தால், வண்டி நிற்கிற இடத்தில் நம்மில் ஒருத்தி கேரியரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். முதல் வகுப்பு ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கீழேயே நின்று, காலி அடுக்குகளை வாங்கிக்கொண்டு, கார்டு விசில் ஊதுவதற்குள் ஓடி வர வேண்டும். படியில் கால் வைக்கக் கூடாது. அந்தப் பெட்டிக்குள் மெத்தை என்ன நிறம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேரியர் தூக்கியவர் நீங்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கொஞ்ச காலத்தில் நடந்தது இது. எனக்கு முன்னாலேயே இரண்டு தங்காமல் போயிருந்தன. இது மூன்றாவது, ஐந்தாம் மாசம். புதுக்கோட்டை லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடனே மெட்ராஸ் கொண்டு போங்க. உக்கார வச்சுக் கொண்டு போயிராதீங்க, படுக்க வச்சுக் கொண்டு போங்க" என்றார். வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் வழக்கம்போல டிக்கெட் எடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரரான பெரியவருக்கும் அவர் தம்பியான என் வீட்டுக்காரருக்கும் முதல் வகுப்பு. துணைக்கு வந்த உங்களுக்கும் படுக்க வேண்டிய எனக்கும் மூன்றாம் வகுப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. நோயாளியைப் பலகையில் போட்டுவிட்டு, கூட்டிப் போகிறவர்கள் மெத்தையில் போனார்கள். அதில் ஒரு கோணலும் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

அன்றைக்குச் சந்தைக் கூட்டம். பலகையில் எனக்குக் கால் நீட்ட இடமில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, காலைச் சுற்றி ஆட்களை நெருக்காமல் தள்ளித் தள்ளி உட்காரவைத்துக்கொண்டே வந்தீர்கள். நார்த்தாமலைப் பாறைகள் ஜன்னலில் வந்தபோது இடுப்பைப் பிடித்து இழுத்தது. "வலிக்குதாடி?" என்றீர்கள். இல்லை என்றேன். "காலு வெரலைச் சுருட்டி வச்சுக்கிட்டு இல்லைங்குற" என்றீர்கள். அதற்கப்புறம் கீரனூர் வரை ஒன்றும் பேசவில்லை. நீங்கள் பேசாமல் வந்தால் எனக்குப் பயம்.

கீரனூரில் எதிர்வண்டிக்காக நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரம். என் தலைக்கு அடியில் துணிமூட்டையை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த அம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். முதல் வகுப்பு எங்களுக்கு அடுத்த பெட்டிதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டியிருக்க வேண்டும். "குடு" என்றார்.

"இன்னைக்குக் கேரியரு உள்ள வராது. சாப்பிடணும்னா எறங்கி வாங்க. சோறு அங்கிட்டுத்தான், எங்க பெட்டியில."

"என்ன விளையாட்டு இது? குடு இங்கிட்டு."

"விளையாட்டு இல்லை. அவ படுக்கணும். நீங்க எறங்குங்க, அவ ஏறட்டும்."

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன். ஸ்டேஷனில் விற்கிற எதையும் கையால் தொடமாட்டார். அது தெரிந்துதான் நீங்கள் கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார், பாவம். "அண்ணி, நான் எறங்கிக்கிறேன். அண்ணன் இருக்கட்டும்" என்றார். அப்போது நீங்கள் சொன்னதை நான் கல்லில் வெட்டி வைக்கச் சொல்வேன்.

"நீங்க எறங்கி என்ன செய்ய, தம்பி? மூத்தவுக இருக்குற எடத்துல இளையவுக பொண்டாட்டி உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது. உங்க வீட்டு மொறைதானே? நான் வச்சதா? அப்ப மூத்தவுகதான் எறங்கணும்."

அவர்கள் போட்டு வைத்த முறையாலேயே அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். நான் அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போகிறவள். அவர் எதிரே படுப்பது என்பது நடக்காத காரியம். அதைப் பெரியவராலும் மறுக்க முடியவில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு வக்கீல் ஐயா இருந்தார். நல்ல மனுஷன். "நான் வேணும்னா எறங்கிக்கிறேம்மா, எனக்குத் திருச்சி வரைக்கும்தான்" என்றார். நீங்கள் கும்பிட்டீர்களாம். "உங்க எடம் உங்களுது, ஐயா. அதை நான் கேக்க மாட்டேன். எங்க வீட்டு எடத்தைத்தான் கேக்குறேன்." அடுத்தவரிடம் கேட்பது யாசகம், நம் வீட்டாரிடம் கேட்பது பாத்தியதை என்று அப்புறம் ஒருநாள் எனக்கு விளக்கினீர்கள். இன்றைக்கு வரை நான் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

பெரியவர் அப்போதும் அசையவில்லை. பிளாட்பாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. நீங்கள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "ராஜாவே முடியை எறக்கி வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. நம்ம வீட்டுல ஒரு பெஞ்சை விட்டு எந்திரிக்க முடியலையா?" என்றீர்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் இறங்கினார் என்கிறார்கள். பசிக்குத்தான் என்கிறார்கள் சிலர். எதற்கானால் என்ன, இறங்கினார்.

என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஏற்றினீர்கள். மெத்தை கரும்பச்சை, அக்கா. உங்களிடம் அதை அன்றே சொன்னேன். நீங்கள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, என் கால் இரண்டையும் பிடித்து நேராக நீட்டிவிட்டீர்கள். விரல்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டீர்கள். பிறகு கேரியரை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கே போய்விட்டீர்கள். ஏறிப் பார்க்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

திருச்சியில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பேரை மாற்றி உட்காரக் கூடாது என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "நான் இந்தப் பெட்டிக்கு இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பெரியவரும் திருச்சியில் இடத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை மட்டும் அவருக்கு நல்லதாகச் சொல்வேன்.

எழும்பூரில் அவர் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை, அல்லது சிரிக்காமல் இருக்க முடியவில்லை. வண்டி நிற்குமுன் குதித்து, பிளாட்பாரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து, முதல் வகுப்பு வாசலில் அப்போதுதான் இறங்கியவர் மாதிரி அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு நின்றார். வியாபாரிகள் கும்பிட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அதே வாசலிலிருந்து நான் மெதுவாக இறங்கினேன். பின்னாலேயே நீங்கள், தலையில் பாத்திரக் கூடையோடு, "மூணாம் கிளாஸுல உங்க துண்டை விட்டுட்டு வந்துட்டீங்க" என்று அத்தனை பேர் முன்னால் நீட்டினீர்கள். அது தேவையா, அக்கா? தேவைதான்.

பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் போல் கிடந்தேன், பிள்ளைக்குக் கூடுதலாக அவ்வளவு நாள்தான் கிடைத்தது. ஊருக்குத் திரும்பியதும் ஆரம்பித்தார்கள். முதல் வகுப்பில் போய் என்ன கண்டாள்? பெரிய மனுஷனைச் சந்தி சிரிக்க வைத்ததுதான் மிச்சம். இதை என் காதுபடச் சொன்னார்கள். பிள்ளை போன வயிற்றோடு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பெரியவர் உங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் உங்களை நெருக்கினார்கள். நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அவ படுத்துக்கிட்டுப் போனாளா, இல்லையா?"

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகும்வரை அந்தப் பேச்சு எடுத்த எல்லோருக்கும் அதே பதில்தான். பிள்ளை பிழைத்திருந்தால் உங்களைக் கொண்டாடியிருப்பார்கள். பிழைக்காததால் தப்பாகிவிட்டது. நீங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. என் காலை நீட்டிவிட்டீர்கள். கீரனூரிலிருந்து எழும்பூர் வரை என்னை ஒரு மனுஷியாக எண்ணி ஒருவர் இடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். பிள்ளையை இழந்து கிடந்த அந்த நாட்களில் எனக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இப்போது விமானக் கதை. பின்னால் பிறந்த என் மகள் வள்ளிக்குப் பன்னிரண்டு வயசாகிறது. என் வீட்டுக்காரரோடு வியாபாரம் செய்கிற சிங்கப்பூர்க் கம்பெனி அவருக்கு முன் வகுப்பில் டிக்கெட் அனுப்பியது. எனக்கும் வள்ளிக்கும் பின்னால். திரை ஒன்று போட்டுப் பிரித்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் விமானப் பணிப்பெண் ஒரு தட்டு நிறைய ஆப்பிளும் திராட்சையும் கொண்டுவந்து, "முன்னால இருக்குற உங்க வீட்டுக்காரர் கொடுக்கச் சொன்னாரு" என்றாள். நல்ல தமிழ்ப் பெண். தட்டைப் பார்த்தேன். கேரியர்தான், அக்கா, இந்தத் தடவை அங்கிட்டிருந்து இங்கிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

"தட்டு வேண்டாம்மா. ஆளை எறங்கி வரச் சொல்லு" என்றேன்.

அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "என்ன, கீரனூரா?" என்றார். "கீரனூருதான்" என்றேன். உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அப்புறம் ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் என் இடத்தில் உட்கார்ந்து வள்ளிக்குத் திராட்சையை எடுத்துக் கொடுத்தார். பணிப்பெண் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, ஒரே குடும்பம், ஒருவர் வந்தால் ஒருவர் போகலாம் என்றாள்.

உங்களுக்கு அன்றைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் வலியைக் காட்டித்தான் இடம் கேட்க முடிந்தது. வலி இல்லாத பெண்ணுக்கு மெத்தை எதற்கு என்று கேட்டிருப்பார்கள். உங்களுக்கும் வலி இல்லாததால்தான் நீங்கள் ஏறிப் பார்க்கவே இல்லை. அது எனக்கு இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் காரணமே இல்லாமல் போனேன்.

அகலமான நாற்காலி. அந்தப் பெண் ஈரக் காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள், இப்போது என் கையில் இருக்கிற இதுதான். நாற்காலியைச் சாய்த்துவிட்டு, "உடம்பு முடியலையாம்மா?" என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். செருப்பைக் கழற்றினேன். கால் இரண்டையும் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டேன்.

படுத்துக்கொண்டுதான் போனேன், அக்கா. உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல்.