மொட்டைமாடி நாற்காலி

அண்ணாச்சி,

இன்று காலை பெஹாலாவில் நம் கட்டடத்து மொட்டைமாடியில் முடிவெட்டிக்கொண்டேன். ஷேவ் முடித்து நிதாய்தா கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்தார். சுள்ளென்றது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

அந்தக் கொரோனா ஊரடங்கைத் தளர்த்திய வாரம் கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். ஆனால் நிதாய்தாவின் ஜன்னல் இல்லாத சலூனுக்குள் நுழைய யாருக்குத் துணிச்சல் இருந்தது? பெட்டியோடு நம் கேட்டில் வந்து நின்றார். வீட்டில் அடுப்பு எரியவில்லை, உள்ளே விடுங்கள் என்றார். கட்டடச் செயலாளர் நான், முடியாது என்றேன். அன்று வீடியோவில் நடந்த கூட்டத்திலும் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னோம். இரண்டாம் மாடியில் இழுப்போடு நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நீங்கள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தோம். மற்றவர்களுக்கு வங்காள மொழியில் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் தூத்துக்குடித் தமிழில் போட்டீர்கள். "என் நெஞ்சைக் காட்டி அவன் வயித்துல அடிக்காதேயும் வே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்காகத்தானே கத்துகிறேன்! "அப்போ வழியையும் நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"காத்தாட மாடியில நாற்காலியைப் போடும். ஒரு நேரத்துக்கு ஒரு ஆளு. மாஸ்க் ரெண்டு பேருக்கும். பின்படி வழியா வரட்டும். ஊசி எப்ப வருதோ அப்ப நான் வாரேன்."

அப்படியே மாடியைத் திறந்துவிட்டோம். நீங்களும் சொன்னபடியே இருந்தீர்கள். உங்கள் முடி தோளைத் தொட்டது. ஜன்னலுக்குக் கீழே நின்று "சாமியாரே, தீட்சை எப்போ?" என்று கேலி செய்வேன். ஊசி போட்டபின் நீங்கள் மூச்சு வாங்க மாடியேறிய அன்று, நிதாய்தா வெட்டிக்கொண்டே அழுதார். காதை விட்டுவைக்கச் சொல்லி அவரை அதட்டினீர்கள்.

கட்டடத்தில் நோயே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் மாடிக்கு வந்தது, பிழைத்துக்கொண்டார்கள். அந்த நாற்காலியால் வரவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. உங்களைக் கொண்டுபோனது பழைய இழுப்புதான். ஆனாலும் திறந்தது சரி, திறந்த விதமும் சரி. யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

போன வாரக் கூட்டத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வயதான மாசிமாவுக்குச் சத்தம் ஆகாதாம், பிள்ளைகள் மாடியில் விளையாடக் கூடாது என்றார்கள். கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மாசிமாவின் கதவைத் தட்டப் போனேன்.

அன்று உங்கள் கதவையும் தட்டியிருக்க வேண்டும், அண்ணாச்சி.