ஹேண்டிலை ஏற்றச் சொன்னது நான்தான்

ஏனுங்க,

இன்று காலை பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் பைக்கின் பழைய தாழ்ந்த ஹேண்டில் பார் கையில் கிடைத்தது. நீலக் கட்டம் போட்ட கிழிந்த லுங்கியில் சுற்றி, கிளட்ச் ஒயரால் கட்டி வைத்திருந்தீர்கள். பிரித்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. கிரீஸ் வாசம் குப்பென்று அடித்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பரணில் ஏறி உருட்டிக்கொண்டிருப்பீர்களே, என்னவென்று கேட்டால் "எலிச் சத்தம் கேட்டுச்சு அம்மணி" என்பீர்களே, அது இதற்குத்தானா? இல்லாத எலிக்கு நான் எத்தனை வருஷம் தேங்காய்ச் சில்லு சுட்டுப் பொறி வைத்திருக்கிறேன், தெரியுமா?

"பையன் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், தங்கமான குணம்" என்றுதான் கொடுமுடியில் எங்கள் வீட்டில் சொன்னார்கள். பைக் ஒன்று இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்தில் கல்யாணம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள்தான் அதைப் பார்த்தேன். சிவப்பு நிறம். பந்தய வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் கட்டையைப் பின்னுக்குத் தள்ளி, எல்லாம் உங்கள் கைவேலை. டேங்க் மேல் நீங்கள் கவிழ்ந்து படுத்துக்கொள்வீர்கள். பின்னால் நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். எதிர்க்காற்று, தூசி, பூச்சி எல்லாம் என் முகத்துக்குத்தான். பிரேக் பிடித்தால் சறுக்கி வந்து உங்கள் முதுகில் விழுவேன். ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் வண்டியை நிறுத்த வேண்டும்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடிக்கு அதில்தான் போனோம். பல்லடம், காங்கயம் எங்கேயும் நீங்கள் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உறவுக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் இறங்கினேன். நீங்களும் இறங்கினீர்கள், ஆனால் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்த வாக்கில் அப்படியே நின்றீர்கள். எதிரே வந்த என் அப்பா பதறிப்போய் உங்கள் தோளைத் தொட்டார்.

"அட, என்னுங்க மாப்பிள்ளை, வந்ததும் வராததுமா கால்ல உளுந்துக்கிட்டு. எந்திரிங்க, நல்லா இருங்க."

எங்கே எழுந்திருப்பது? பக்கவாட்டில் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. "பெரியப்பா நிக்கறாருங்க, அவரையும் கும்புட்டுக்குங்க" என்று உங்களை மெல்லத் திருப்பிவிட்டேன். அடுத்து மாமா. அடுத்து சின்னத் தாத்தா. ஐந்தாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் உங்கள் முதுகு மனது வைத்தது. இவ்வளவு பணிவான மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்று சாப்பாட்டுப் பந்தி முழுக்க அதே பேச்சு.

மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போனபோது மெல்லச் சொன்னீர்கள்: "வெளிய சொல்லிப்போடாத அம்மணி."

"எதைங்க?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் படித்துறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்குக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் ஆகி மூன்று மாதம். உங்களை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் மரியாதைதான் இருந்தது.

இடுப்புப் பிடிப்பைச் சிரித்துத் தள்ளிவிடலாம். கை மரத்துப்போனதைத் தள்ள முடியவில்லை. குனிந்து ஓட்டும்போது உடம்பு பாரம் முழுதும் மணிக்கட்டில் இறங்குகிறது, ஹேண்டிலை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டியை விடுங்கள் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்து அதே வண்டியில் ஏறினீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டு வந்தால் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பீர்கள். பம்ப்புக்கான ஷாஃப்ட் ஒன்று அளவு தப்பிப் போனது. "இரும்பு சரியில்லை" என்றீர்கள். அடுத்த வாரம் இன்னொன்று தப்பியது. விரல் நுனியில் தடவியே அளவு சொல்கிற ஆள் நீங்கள். அந்தக் கைதான் நமக்குச் சோறு போட்டது.

நீங்கள் ஏன் ஏற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் பேக்கரி வாசலில் கூடும் உங்கள் செட்டு. ஐந்து பேர், ஐந்து வண்டி. ஹேண்டில் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு பெரிய ஆள். ஆறாவதாக ஒருவர் இருந்தாராம். கழுத்து வலி என்று ஹேண்டிலை ஏற்றினாராம். அன்றிலிருந்து அவர் வந்து நின்றாலே "இன்னிக்கு எத்தனை லிட்டருங்க?" என்று பால்காரர் ஆக்கிவிட்டீர்களாம். அந்த மனுஷன் பேக்கரிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். இதை என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு நாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள். இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் சாக்குத் துணிக்குள் ஏதோ பளபளவென்று தெரிந்தது. விலக்கிப் பார்த்தேன். புது ஹேண்டில் பார். நன்றாக உயரமாக வளைத்து, குரோமியம் பூசி, உயரத்துக்கு ஏற்ற மாதிரி நீளமான கேபிள்கள் மூன்றும் பக்கத்திலேயே சுருட்டி வைத்திருந்தது. சாக்கின் மேல் ஒரு விரற்கடைத் தூசி. எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ. செய்து முடித்துவிட்டு மாட்டுவதற்குப் பயந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இருந்தது இருந்தபடியே மூடிவிட்டு வந்து சாப்பாடு பரிமாறினேன்.

அந்த ஞாயிறு "நானும் வாரேனுங்க" என்று பேக்கரிக்குக் கிளம்பினேன். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் சிநேகிதர்கள் நாலு பேரும் டீ டம்ளரோடு நிற்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஏனுங்க, இனிமே இந்த வண்டில நான் ஏறமாட்டேனுங்க. என்ற இடுப்பே போச்சு. ஹேண்டிலை ஏத்துனா வாரேன், இல்லீனா பஸ்ஸுல போய்க்கறேன்."

நான் குனிந்து ஓட்டுகிறவள் இல்லை, பின்னால் உட்கார்கிறவள், என் இடுப்புக்கும் ஹேண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களில் சண்முகம் அண்ணன்தான் உங்கள் தோளில் கை போட்டார். "விடு மாப்ள. ஊட்டுல சொன்னா கேட்டுத்தான ஆகோணும்."

நீங்கள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, என்ன நடிப்பு. "இப்படிச் சொல்லிப்போட்டயே அம்மணி" என்று வேறு கேட்டீர்கள். சாயங்காலத்துக்குள் புது ஹேண்டில் ஏறிவிட்டது. "அதுக்குள்ள எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்டேன். "லேத் பட்டறைக்காரன்னா சும்மாவா" என்றீர்கள். நானும் வாயைப் பிளந்து வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனோம். எனக்கு முன்னால் முதல்தடவையாக ஒரு முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. காற்று உங்கள் மேல் பட்டுப் பிரிந்து போனது. நான் பேசியது உங்களுக்குக் கேட்டது. பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகள் வரும் வரைக்கும் நான் பேசினேன், அதற்கப்புறம் நீங்கள் பேசினீர்கள். சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்ததை அன்றுதான் சொன்னீர்கள். மாசாணியம்மனிடம் உங்கள் கைக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். ஒரே மாதத்தில் டம்ளரை ஒற்றைக் கையில் தூக்கினீர்கள்.

அதோடு முடிந்ததா? ஆறு மாதம் கழித்துச் சண்முகம் அண்ணன் பட்டறைக்கு வந்து, "என்ற ஊட்லயும் நச்சரிக்கறா மாப்ள, எனக்கும் ஒண்ணு வளைச்சுக் குடு" என்றார். அப்புறம் மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். நாலு பேரும் அவரவர் பொண்டாட்டி மேல்தான் பழி போட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் சண்முகம் அண்ணன் மனைவி சரஸ்வதி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்களாங்க்கா ஏத்தச் சொன்னீங்க?"

"நான் அந்த வண்டில ஏறுனதே இல்ல கண்ணு" என்றார் அக்கா.

மற்ற மூன்று பேரின் மனைவிகளும் அங்கேதான் இருந்தார்கள், அவர்களும் அதே பதில்தான் சொன்னார்கள். ஐந்து பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். யாரும் வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டோம். இன்றுவரை ஒருத்தியும் விடவில்லை. உங்களிடம் சொல்வதே இப்போதுதான்.

முப்பது வருஷத்தை நெருங்கும் வரைக்கும் யார் கேட்டாலும் "இவதானுங்க ஏத்தச் சொன்னா" என்று என்னைக் கை காட்டினீர்கள். ஒவ்வொரு முறையும் நான் "ஆமாங்க" என்றேன். சாக்குத் துணிக்குள் நான் பார்த்தது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்க எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. கேட்டால் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் உங்கள் காரியத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சண்முகம் அண்ணன் போர்ட்டிகோவில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நீ மட்டும் அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, கடைசி வரைக்கும் படுத்துத்தானம்மா ஓட்டியிருப்பான். அப்படி ஒரு வீம்புக்காரன்."

இனிமேல் உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அதைக் கேட்டு வெட்கப்பட நீங்கள் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"ஆமாங்கண்ணா" என்றேன். "நான்தானுங்க ஏத்தச் சொன்னேன். எனக்குத்தான் இடுப்பு வலி."