பதினாறில் ஆறு மட்டும் திரும்பி நிற்கிறது

என் நேசத்துக்குரிய நஸீர் நானாவுக்கு,

உங்கள் தம்பி தாஹிர் தன் கையாலேயே எழுதும் ஸலாம். கப்றில் அடங்கியவருக்குக் கடிதம் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அறுபது வயதில் எழுதப் பழகியவன் தன் முதல் கடிதத்தை வேறு யாருக்கு எழுதுவான்? இந்த வரிகளை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

ஓம் நானா, எனக்கு எழுத்து வந்துவிட்டது. நீங்கள் தொழிலாளர் சங்கத்துச் செயலாளராக இருந்தவரை, நம் இரும்புக்கம்பி மில்லில் எந்தத் தாள் வந்தாலும் நீங்கள் வாசிப்பீர்கள், நான் மை தொட்டு விரல் வைப்பேன். நீங்கள் மௌத்தான பிறகு வந்த முதல் தாளிலும் விரல் வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று கேட்க வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமே கனமூலை ஊரில் ஸீனத் டீச்சரின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு பெரியவர்களுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்.

முதல் நாள் தெரிந்த இலக்கத்தை எழுதச் சொன்னார். பத்து, பன்னிரண்டு, பதினாறு என்று நம்முடைய கம்பி அளவுகளைப் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். "என்ன மாமா, கண்ணாடியப் பாத்தா எழுதினீங்க?" என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டும் ஆறும் மறுபக்கம் திரும்பி நின்றன.

நான் என்ன செய்வேன்? இருபது வருஷம் மில்லில் கம்பியை அழுத்தி ஓடவிடும் உருளைகளை மாற்றியவன். உருளையில் இலக்கத்தைத் திருப்பி வெட்டினால்தான் கம்பியில் அது நேராக விழும். கம்பியோ நெருப்பாக ஓடி மறைந்துவிடும். நான் நின்று பார்த்ததெல்லாம் உருளையைத்தான். இரண்டைத் திருத்திக்கொண்டேன். ஆறு இன்னும் சொல்வழி கேட்பதில்லை.

மில்லைப் பற்றிக் கேட்பீர்கள். சண்டை முடிந்த புதிதில் வீடு கட்டாத ஆளில்லையே, கம்பி ஆறுவதற்குள் லொறி வந்து நிற்குமே, அந்த ஓட்டம் இப்போது இல்லை. வெளிநாட்டுக் கம்பி மலிவாக வருகிறது. நம்முடையது களப்புத் தண்ணீரின் உப்புக் காற்றில் துருப்பிடித்து முற்றத்தில் கிடக்கிறது. உலையைக் கிழமையில் மூன்று நாள்தான் மூட்டுகிறார்கள். யாரையும் நிறுத்தாமல் அந்த மூன்று நாளையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வது என்று சங்கமும் மனேஜரும் பேசி முடித்தார்கள். போன மாதம் அதற்கான தாள் வந்தது.

நம் சங்கத் தலைவர் சுனில் சிங்களப் பிரதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றவர்களும் வரிசையாகப் போட்டுவிட்டார்கள். நான் கன்டீனில் தமிழ்ப் பிரதியை விரித்து, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தேன்.

"நானா, கெதியா போடுங்க. நீங்க முடிக்கிற நேரம் பெருநாளும் வந்துடும்" என்றார் சுனில். அவருக்கு நானும் நானாதான், எனக்கு அவர் மல்லி, அவர் பாஷையில் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது. "நி... ரந்... தர. சுனில் மல்லி, இது என்ன சொல்லு?"

"நிரந்தரத் தொழிலாளர். வேலை பெர்மனன்ட் ஆன ஆக்கள்."

"அப்ப பழைய இரும்பு பிரிக்கிற பொம்பளைகள்? ஏழு பேரும் சங்கத்து ஆக்கள்தானே, ஆனா நாட்சம்பளம். அவங்க இந்தத் தாளில இல்லையே."

அந்த ஏழு பேரில் ஒருவர் உங்கள் மனைவி, என் ஆயிஷா மதினி, நானா. நீங்கள் போன பிறகு அந்த வேலைதான் அவருக்குச் சோறு.

பின்னாலிருந்து ஒருவன், "அவங்களையும் சேத்தா நமக்கு மாசத்தில ஒரு நாள் கொறையுமே" என்றான்.

"கொறையட்டும்" என்றேன். என் குரல் இவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரிந்தது.

சுனில் அவனைத் திரும்பிப் பார்த்தார். "நஸீர் நானாட கதிரை காலியா இருக்கு எண்டுதானே இப்பிடிக் கதைக்கிறாய்?" சுனில் தன் கையெழுத்தைத் தானே வெட்டினார்.

எல்லோரும் மனேஜரிடம் போனோம். புதுத் தாள் வராமல் உலை மூட்டமாட்டோம் என்றார் சுனில். டைப் பண்ணியவர் பழைய படிவத்தைப் பார்த்து அடித்துவிட்டார் என்றார் மனேஜர். அப்படித்தான் இருக்குமா, நானா? அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பின்னேரமே புதுத் தாள் வந்தது. "சங்க அங்கத்தவர் அனைவரும்" என்று இருந்தது. அதையும் விரல் ஓட்டி வாசித்தேன். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை.

விஷயம் தெரிந்து மதினி வந்தார். இரும்புத்தூசி படிந்த கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உங்கட நானாவும் ஒரு தாள இவ்வளவு ஆறுதலா, நிதானமா வாசிச்சதில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் கோபிக்கமாட்டீர்கள்தானே?

கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் என் அங்கத்தவர் இலக்கத்தையும் எழுதினேன். பதினாறு. அவசரத்தில் ஆறு திரும்பிக்கொண்டது. திருத்தப் போனேன், சுனில் பேனையைப் பிடித்துக்கொண்டார். "அது அப்பிடியே இருக்கட்டும் நானா."

இருக்கட்டும். இனி கடைசி வரிவரை வாசிக்காமல் எந்தத் தாளிலும் நான் பேனை வைக்கமாட்டேன். சங்கத்துத் தாள்களில் எங்கெல்லாம் ஆறு மறுபக்கம் பார்த்து நிற்கிறதோ, அதைத் தாஹிர் வாசித்துவிட்டான் என்று நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்களோடு கூடப்பிறக்காத தம்பி,
தாஹிர்
அங்கத்தவர் இலக்கம் பதினாறு